பதினோராவது வெள்ளோட்டம்

"பிரேக்கை எடுத்துட்டுத் தள்ளணும்ங்க. அவ்ளோதான் விஷயம்."

அவன் மனைவி இதைச் சொல்லி ஏழு வருடம் ஆகிறது. ரயில் நிலையத்தின் மூன்றாவது நடைமேடையில், ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால் வருகிற ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். தினம் முப்பது நாற்பது ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவள். தன் வேலையிடத்தில் இருக்கும் வண்டி நான்கு வருடமாக ஏன் நகரவில்லை என்று அவன் அரை மணி நேரம் விளக்கியிருந்தான். உந்துவிசை, உராய்வு, காற்றின் எதிர்ப்பு என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தபிறகு அவள் தந்த பதில் அது.

"உனக்குச் சொன்னா புரியாது. அது ஸ்ட்ரெச்சர் இல்ல," என்றான்.

"சரிங்க, புரியல. அது ஓடினாத்தான் உங்களை விடுவாங்க. அது மட்டும் புரியுது. நீங்க ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கீங்களா?"

"என்னன்னு கேக்கறது?"

"அதையும் நானே சொல்லிக் குடுத்துட்டா, அப்புறம் நீங்க கேட்டதா ஆகுமா?"

அவன் பதில் யோசிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. கிளம்பும்போது, அவள் மடியில் இருந்த இரண்டு வயது மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா போறாங்க, அப்பா பின்னாடி போறாங்க," என்று கையை ஆட்டினாள். அவன் நின்ற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். போனது ரயில்.

அவன் பெயரை அவன் வேலை செய்யும் உந்துவிசை நிலையத்தில் யாரும் சொல்வதில்லை. ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே அவன் பிட்டர், இயந்திரங்களைப் பொருத்துகிறவன், கழற்றுகிறவன். வாயில்லாப் பூச்சி. கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பான், கூப்பிடாவிட்டால் அங்கேயே நிற்பான்.

உந்துவிசை நிலையம் தொடங்கப்பட்ட நோக்கம் எளிமையானது. ஒரு வண்டியின் பின்புறம் ஓர் எஞ்சின். அது சூடான காற்றைப் பின்னால் பீய்ச்சும், வண்டி முன்னால் போகும். ஊதிய பலூனின் வாயை விட்டால் பறக்கிறதே, அதே சங்கதிதான். வண்டிக்குப் பத்தடி முன்னால் தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். வண்டி அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டும்வரை, வண்டியோடு சம்பந்தப்பட்ட பணியாளர் எவரும் விலகவோ ஊர் மாறவோ முடியாது. அவர்களுடைய அசல் சான்றிதழ்கள் இயக்குநர் அறையின் இரும்பு அலமாரியில் இருக்கும். ஸ்பேனருடைய தொழிற்பள்ளிச் சான்றிதழும் அங்கேதான் இருந்தது. அது இல்லாமல் வேறு எங்கேயும் பிட்டர் என்று சொல்லி உள்ளே நுழைய முடியாது. கல்யாணமாகி எட்டாவது மாதம் கையெழுத்துப் போட்டபோது, பத்தடிதானே என்று அவன் நினைத்தான்.

முதல் வருடம், எஞ்சினின் தள்ளும் பலம் எவ்வளவு என்று அளக்க வேண்டியிருந்தது. அளக்கும்போது வண்டி ஓடிவிடக் கூடாதல்லவா? அதனால் கட்டைவிரல் கனத்தில் நான்கு போல்ட் போட்டு வண்டியைத் தரையோடு பிணைத்தார்கள். 'தினமும் காலையில் நான்கு போல்ட்டுகளையும் இறுக்கிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்' என்று ஒரு உத்தரவு வந்தது. ஸ்பேனர் இறுக்கினான், கையெழுத்திட்டான். அளவெடுத்து முடிந்தது. கழற்றச் சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை. ஆகவே மறுநாளும் இறுக்கினான்.

அவனுக்கு அது தெரியாமல் இல்லை. தரையோடு கட்டிப்போட்ட வண்டி ஓடாது என்பது மாட்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் இத்தனை படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும், வேறு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பிலேயே மூன்று வருடம் போயிற்று.

இதற்கிடையில் நிலையம் வளர்ந்தது. நகரும் எந்தப் பொருளையும் எதிர்க்கும் விசைகள் உண்டு, அவற்றை ஆராயாமல் வண்டியை விடுவது பொறுப்பற்ற செயல் என்று ஒருவர் குறிப்பு எழுதினார். நியாயமான குறிப்புதான். உடனே எதிர்விசைப் பிரிவு என்று ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு அவரையே தலைவராக உட்கார வைத்தார்கள். மேஜை அறையாயிற்று, அறை மாடியாயிற்று. உராய்வுக்கு ஒரு துணைப் பிரிவு, காற்றுக்கு ஒன்று, எடைக்கு ஒன்று. பதினோராவது வருடத்தில் எதிர்விசைப் பிரிவில் அறுபத்து நான்கு பேர் இருந்தார்கள். உந்துவிசைப் பிரிவு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, கடைசியில் ஸ்பேனர் ஒருவனாக நின்றது.

அறுபத்து நான்கு பேரும் சும்மா இருக்கவில்லை. எதிர்விசைகளைக் காகிதத்தில் மட்டும் ஆராய்ந்தால் போதாது, வண்டியிலேயே அவற்றுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று வாதாடி வாங்கினார்கள். காற்றின் எதிர்ப்பை முழுமையாக உணர்வதற்காக வண்டியின் முகத்தில் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு பலகை நிறுத்தப்பட்டது. உராய்வுப் பிரிவு சக்கரங்களுக்கு முன்னால் ரப்பர் கட்டைகளைச் செருகியது. எடைப் பிரிவு இரும்புக் குண்டுகளை ஏற்றியது. இவையெல்லாம் சரியாக எதிர்க்கின்றனவா என்று கவனிக்க ஓர் அதிகாரி வண்டிமேல் உட்கார வேண்டியிருந்ததால் நாற்காலியும், அவர் தலைக்கு மேல் கூரையும், கூரை போட்டதால் புழுங்குகிறது என்று ஒரு மின்விசிறியும் வந்தன. ஒவ்வொன்று ஏறும்போதும் ஸ்பேனர் எஞ்சினைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடுவான். எஞ்சின் கூடுதலாக அலறும். வண்டி அசையாது.

வருடத்துக்கு ஒருமுறை வெள்ளோட்டம் நடக்கும். மூன்று நிமிடம் எஞ்சின் ஓடும். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். பிறகு கைதட்டல், தேநீர். பதிவேட்டில் 'நகர்வு: சுழியம். நகரும் போக்கு: மிக வலுவானது' என்று எழுதுவார்கள்.

ஆறாவது வெள்ளோட்டம் முடிந்து, உந்துவிசையும் எதிர்விசையும் துல்லியமாகச் சமமாகிவிட்டன என்று அறிக்கை வந்தபோது அதைப் பெரிய விழாவாகவே கொண்டாடினார்கள். சமநிலைக் கேடயம் என்று ஒன்று வழங்கப்பட்டது. அன்று இயக்குநர் பேசினார்.

"தள்ளுறதுக்கு என்ன பெரிய அறிவு வேணும்? குழந்தைகூடத் தள்ளும். தள்ளினது போயிடாம நின்ன இடத்துலயே வச்சிருக்கறதுக்குத்தான் நிர்வாகம் வேணும். இந்த வண்டி ஓடியிருந்தா இன்னிக்கு நாம யாருமே இங்க இருந்திருக்க மாட்டோம். யோசிச்சுப் பாருங்க."

எல்லாரும் யோசித்துப் பார்த்து, உண்மையிலேயே கலங்கிப்போய்க் கைதட்டினார்கள்.

ரயில் நிலையத்து உரையாடலுக்குப் பிறகு ஸ்பேனர் துணிந்து ஒருமுறை எதிர்விசைத் தலைவரின் அறை வாசலில் போய் நின்றான். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். போல்ட்டுகளைப் பற்றி அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தம்முடைய பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். எதிர்விசைகள் மொத்தம் பதினேழு, அதில் போல்ட் இல்லை. போல்ட் ஒரு விசை அல்ல, ஒரு பொருள், பொருள்கள் கிடங்கைச் சேர்ந்தவை என்று அன்பாக விளக்கினார். கிடங்கில் போய்ச் சொன்னால், கழற்றுவதென்றால் திருப்பி ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்கும் பொருள் புதிதாக இருக்க வேண்டும், நான்கு வருடம் தினமும் இறுக்கிய போல்ட்டைப் புதிது என்று எப்படி வாங்குவது என்று கேட்டார்கள். தினமும் இறுக்கியது யார் என்றும் கேட்டார்கள். ஸ்பேனர் திரும்பி வந்துவிட்டான். அதற்குப் பிறகு இயக்குநரைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தொண்டை வரைக்கும் ஏதோ ஒன்று வரும். எச்சிலோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

மனைவி வருடத்துக்கு ஒருமுறை மகளோடு வந்தாள். இவன் வருடத்துக்கு ஒருமுறை போனான். ஒவ்வொரு தடவையும் மகள் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தாள். அந்த வீட்டில் அவள் உயரத்தைக் கதவில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எந்தக் கோடும் இவன் போட்டதல்ல. நிலையத்தைப் பற்றி மனைவி பிறகு கேட்கவே இல்லை. அவள் கேட்காமல் இருந்தது அவனை எஞ்சினின் அலறலைவிட அதிகமாகப் படுத்தியது.

பதினோராவது வருடம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த வெள்ளோட்டத்தைப் பார்க்கச் சிறப்பு விருந்தினர் நேரில் வருகிறார். வண்டி கோட்டைத் தாண்டாவிட்டால் நிலையம் மூடப்படும். மூடினால் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா என்று ஸ்பேனர் அலுவலகத்தில் மெதுவாக விசாரித்தான். அலமாரியோடு சேர்த்து முத்திரை வைத்துவிடுவார்கள் என்றார் எழுத்தர்.

அவசரக் கூட்டம் கூடியது. எஞ்சினை ஸ்பேனர்தான் ஓட்டுகிறான் என்பதால் அவனையும் சுவரோரமாக நிற்கவைத்தார்கள். உந்துவிசையைக் கூட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். எதிர்விசைப் பிரிவு, தன் கடமை அது என்பதால், எதிர்த்தது. பலகையையும் குண்டுகளையும் இறக்கலாம் என்று இன்னொருவர் சொல்ல, ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பதவி உயர்வு என்பதால் அறையே அதிர்ந்தது. அப்போது ஸ்பேனர் ஒரு விரலை மட்டும் உயர்த்தினான்.

இயக்குநர் அவனைப் பார்த்தார். "என்னப்பா, தண்ணி வேணுமா?"

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தான்.

அந்த இடைவெளியில்தான் இயக்குநருக்கு அது தோன்றியது. அவர் எழுந்து நின்றே சொன்னார். "ரயில்ல போறப்ப ஜன்னல்ல என்ன தெரியுது? மரம் பின்னாடி ஓடுது. வேர் விட்ட மரமே ஓடலாம்னா நம்ம வண்டி ஓடக் கூடாதா? வண்டியை ஏன்யா நகத்தணும்? பாக்கறவங்களை நகத்துங்க."

அறுபத்து நான்கு பேர் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். சுவரோரம் நின்றவனுக்கு மட்டும் ஒரு ஜன்னல் கம்பியும் ஒரு சின்னக் கையும் கண்ணில் வந்துபோயின.

திட்டம் இது. வண்டிக்குப் பக்கவாட்டில், சக்கரம் வைத்த ஒரு பார்வையாளர் மேடை. எஞ்சின் அலறும்போது மேடை மெல்லப் பின்னால் போகும். வண்டி முன்னால் போவதாகத் தெரியும். கூடத்தின் எதிர்ச் சுவரையும் தரையையும் கறுப்பாக்கிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. சுற்றாத சக்கரங்களைத் தகரம் வைத்து மூடிவிடலாம். வெள்ளைக் கோடு? அதை ஒரு பலகையில் தீட்டி, மேடையோடு சேர்த்துப் பொருத்திவிட வேண்டும். மேடை பின்னால் போகும்போது கோடும் பின்னால் வந்து வண்டியைத் தாண்டிப் போய்விடும். வண்டி கோட்டைத் தாண்டினால் என்ன, கோடு வண்டியைத் தாண்டினால் என்ன? விதியில் தாண்ட வேண்டும் என்றுதான் இருக்கிறது.

மேடையைச் செய்யும் வேலை ஸ்பேனருக்கு வந்தது. மேடை நாற்காலி இனத்தில் சேர்ந்ததால் எந்தப் பிரிவும் அதற்குச் சொந்தம் கொண்டாடவில்லை. யாரும் எதையும் அதன்மேல் ஏற்றவில்லை. ஒன்பது நாளில் முடித்துவிட்டான். நூற்றிருபது இருக்கை, பதினாறு சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பால்பேரிங், கிரீஸ், ஓரத்தில் ஒரு கைப்பிரேக். பத்தாம் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. பிறகு குனிந்து பார்த்து பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு கையால் தள்ளினான்.

போயிற்று. வெண்ணெயில் கத்தி போவதுபோல, சத்தமே இல்லாமல், மூன்றடி போய் நின்றது.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருடத்தில் அந்தக் கூடத்தில் நகர்ந்த முதல் பொருள் அது. அதைப் பதிவேட்டில் எழுத இடமில்லை.

பணியாளர்களின் குடும்பங்களை அழைத்து இருக்கைகளை நிரப்பச் சொல்லி உத்தரவு. மனைவிக்குப் போன் போட்டான். இந்தத் தடவை வண்டி கண்டிப்பாகக் கோட்டைத் தாண்டும் என்றான். எப்படி என்று கேட்டாள். தாண்டும் என்றான். சாயங்கால ரயிலுக்கு மூன்று டிக்கெட்டாக எடுத்துவிடு என்றும் சொன்னான்.

"மூணா?" என்றாள்.

"மூணு."

பொய் சொல்லவில்லை என்று அவன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். கோடு தாண்டப்படும். விதி நிறைவேறும். அலமாரி திறக்கும். எது எதைத் தாண்டியது என்று அவளிடம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளோட்டத்தன்று கூடம் கறுப்பாக இருந்தது. வண்டிமேல் மட்டும் விளக்கு. சிறப்பு விருந்தினர் முன்வரிசையில். கடைசி வரிசையில் அவன் மனைவி, பக்கத்தில் ஒன்பது வயது மகள். மனைவியின் கைப்பையின் வெளி அறையில் டிக்கெட்டுகளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் அன்று காலையும் நான்கு போல்ட்டுகளை இறுக்கிக் கையெழுத்திட்டிருந்தான். பழக்கம்.

எஞ்சின் அலறியது. மேடைக்குப் பின்னால் எதிர்விசைப் பிரிவின் இரண்டு பேர் மெதுவாக இழுத்தார்கள். தங்கள் பணிக்காலத்தில் முதல்முறையாக எதையோ நகர்த்துகிறோம் என்ற பதற்றம் அவர்கள் முகத்தில் இருந்தது. வெள்ளைக் கோடு வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்பேனரின் காலருகே வந்தது, வண்டியின் மூக்கைக் கடந்தது, வாலைக் கடந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தத் தட்டலுக்கு நடுவே அவன் கண் கடைசி வரிசையில் இருந்தது. அந்த வரிசை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவனே கிரீஸ் போட்ட சக்கரங்கள். அவனே தேய்த்து வழவழப்பாக்கிய அச்சு. ஒரு தடங்கல் இல்லாமல் அவர்களை அவனிடமிருந்து கொண்டுபோயிற்று.

மகள் கையை உயர்த்தி ஆட்டினாள். நடைமேடையில் ஆட்டுகிற அதே ஆட்டல். மனைவி கைதட்டவில்லை. அவள் குனிந்து, தன் காலடியில் மேடைக்குக் கீழே எதையோ பார்த்தாள். ஆஸ்பத்திரிக்காரி. சக்கரத்தின்மேல் இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமலா போகும்? நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபப் பார்வையாக இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

இருபத்து நான்கு அடியில் மேடை நின்றது. சிறப்பு விருந்தினர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, வண்டி போன வேகத்தில் தமக்கே உடம்பு லேசாகக் குலுங்கியது, இதுவல்லவா சாதனை என்றார். அடுத்து இயக்குநர் பேசினார். வண்டி இருபத்து நான்கு அடி போய்விட்டது என்று பதிவேட்டில் ஏறிவிட்டது. போன வண்டி போன இடத்திலேயே இருக்கலாமா? அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் 'திரும்பும் திட்டம்' இன்றே தொடங்குகிறது. திரும்பும்போது எதிர்க்கும் விசைகள் இன்னும் நுட்பமானவை. அதற்குத் தனிப் பிரிவு வேண்டும்.

"போக வச்ச கையாலதான் திரும்பி வரவும் வைக்க முடியும்," என்று ஸ்பேனரை நோக்கிக் கையை நீட்டினார். "நம்ம ஸ்பேனரை விட்டா வேற யாருக்குத் தெரியும்? வண்டி திரும்பி வர்ற வரைக்கும் அவர் சான்றிதழ் நம்ம அலமாரியில பத்திரமா இருக்கும். நீங்க கவலையே படாதீங்க."

கூப்பிட்டுக் கையில் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. கனமாக இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேனர் என்று அச்சடித்திருந்தார்கள்.

ஏழு வருடம் தொண்டையில் நின்றது மறுபடியும் மேலே வந்தது. எதிரே இயக்குநர், மூன்றடி தூரத்தில், கேட்கத் தயாரான முகத்தோடு நின்றார். என்னப்பா, ஏதாவது சொல்லணுமா என்றுகூடக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாக ஒத்திகை பார்த்ததைக் கேட்க வேண்டிய இடம் இதுவல்ல.

பாராட்டுப் பத்திரத்தை வண்டிமேல் இருந்த நாற்காலியில் வைத்தான். பைக்குள்ளிருந்த ஸ்பேனரை எடுத்து அதன்மேல் வைத்தான். கண்ணாடியில் கீறல் விழுந்தது. பிறகு நடந்தான்.

கறுப்புத் தரையில் இருபத்து நான்கு அடி. எடை அறுபத்தெட்டு கிலோ. உந்துவிசை எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. இரண்டு மூன்று அதிகாரிகள் வழியில் நின்றார்கள். எதிர்ப்பதா வேண்டாமா என்று உத்தரவு இல்லாததால் விலகிக்கொண்டார்கள். பின்னால் இயக்குநர் ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட முயன்று, அது தெரியாமல், ஸ்பேனர், ஸ்பேனர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மேடையின் கடைசி வரிசைக்குக் கீழே போய் நின்றான். மனைவி இருக்கையைவிட்டு எழவில்லை. மகள் அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். மேடை அவன் மார்பு உயரம். ரயில் ஜன்னலும் ஏறக்குறைய அந்த உயரம்தான்.

"சர்டிபிகேட்டு குடுக்கல," என்றான். "குடுக்க மாட்டாங்க. வந்தா அங்க எனக்கு வேலை ஒண்ணும் இருக்காது."

மனைவி கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் நடைமேடையில் காத்திருந்ததுபோலவே இப்போதும் காத்திருந்தாள்.

அவன் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கிரீஸ் பிசுபிசுத்தது.

"என்னையும் கூட்டிட்டுப் போறியா?"